சிவப்புப் பூட்டு

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. புதுவாயலில் காலையிலேயே வெயில் கொளுத்தியது. வேப்பிலைகூட அசையாத அளவுக்குக் காற்று அற்றுப்போயிருந்தது.

"இன்னா அண்ணே, ஸ்வீட்டா?" என்று மேரி கேட்டாள். செய்தித்தாளில் சுற்றிய சிறு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தோணி நாற்காலியில் அமர்ந்தார். மேரியின் கணவன் ஜெரால்டோடு ஒரே இரும்பாலையில், ஒரே ஷிப்டில், இருபது ஆண்டுகள் உழைத்தவர் அவர்.

மகள் ஹெலன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். காற்றாலை டெக்னீஷியன் பயிற்சிக்காக அன்று மாலை அவள் நாகர்கோவிலுக்கு ரயிலேற வேண்டும். தாயோ இன்னும் மனமாரச் சம்மதிக்கவில்லை.

"பாலிடெக்னிக் படிச்சிட்டு காத்தாடிக்கு எண்ணெ ஊத்தப் போறாளாம்! உங்கப்பன் அவசர புத்திதான் உனக்கும். ஒரு பூட்டு மாட்டிட்டு மெஷின்ல எறங்க அந்த ஆளுக்கு நேரமில்ல. சாயந்தரம் அஞ்சு நாப்பதுக்கு மெஷின் ஓடிச்சு. நம்ம குடும்பம் நின்னு போச்சு."

ஜெரால்ட் இறந்து ஒன்பது ஆண்டுகளாகியும் அக்கோபம் தணியவில்லை. 'பூட்டு மாட்டாமல் இறங்கினார்' என்றே ஆலையின் அறிக்கையும் கூறியது. கணவனின் படத்துக்கு மேரி ஒருநாளும் மாலை சூட்டியதில்லை.

"நான் அப்பா மாதிரி இல்லம்மா," என்ற ஹெலன், நேர்காணலுக்காக மனப்பாடம் செய்ததை மீண்டும் ஒப்பித்தாள். "சுவிட்ச ஆஃப் பண்ணி, என் பேர் போட்ட பூட்ட அதுல மாட்டி, சாவிய பாக்கெட்ல போட்டுக்கினுதான் மேல ஏறுவேன். நான் எறங்கி வந்து தொறக்கற வரைக்கும் யாரும் கரண்ட் குடுக்க முடியாது."

"நீ சாவியோட ஊட்டுக்குப் போயிட்டா?" என்றார் அந்தோணி.

"ஊடு தேடி வந்து, என் மூஞ்சப் பாத்தப்புறந்தான் பூட்ட அறுக்கணும் மாமா."

"அடேயப்பா! ஒரு பூட்டுக்கு இவ்ளோ சட்டமா?" என்று அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மேரியின் முகம் சற்றே தெளிந்தது. மகளின் நெற்றியில் சிலுவையிட்டு, "சரி, போய்ட்டு வா. உங்கப்பன மாதிரி இருக்க மாட்டன்னு மட்டும் கையடிச்சு சத்தியம் பண்ணு," என்றாள்.

ஹெலன் கையை நீட்டினாள். அந்தக் கையில் அந்தோணி தம் பொட்டலத்தை வைத்தார்.

தாளைப் பிரித்ததும் சிவப்புப் பூட்டு ஒன்று வெளிப்பட்டது. அதன் வளையம் இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது. அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ஜெரால்ட்.

அந்தோணி அறுபட்ட வளையத்தைத் தொட்டார். "அந்த சத்தியம் வேணாம்மா. ஷிப்ட் முடிஞ்சி ஊட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சிட்டேன்..."

அவர் மேரியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சு நாப்பதுக்கு இத அறுத்தவன் நான்."