கூரையைத் தட்டிப் பார்த்தவர்

“உள்ளே போனதும் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்காதே. வீடு உனக்குப் பிடிச்சிருக்குன்னு விக்கிற அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா, ஒரு சல்லிக்காசு இறங்க மாட்டாங்க” என்று தெருமுனையிலேயே கணவர் எச்சரித்துவிட்டார்.

அவள் தலையாட்டினாள். ஆனால், வாசலில் ஒரு படிகூட இல்லாத அந்தச் சின்ன வீட்டைப் பார்த்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர்களுடைய மகளுக்கு எட்டு வயது. இரண்டு காலிலும் இரும்புப் பட்டை கட்டித்தான் நடப்பாள். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஐம்பத்திரண்டு படிகள். காலையும் மாலையும் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. இந்த வீடு பழையதுதான், ஆனால் தரையோடு தரையாக இருந்தது. பள்ளிக்கூடமும் இரண்டு தெரு தள்ளித்தான்.

வீட்டை விற்கும் தையற்காரம்மா, சொன்ன விலையில் பிடித்த பிடியாக நின்றார். போன வாரம் கணவர் மட்டும் வந்து மகளைப் பற்றிச் சொல்லி விலை கேட்டபோதே, “முழு விலைக்கு எடுத்துக்க இன்னொருத்தர் தயாரா இருக்கார்” என்றும் சொல்லியிருந்தார்.

“வீடு விக்கிறவங்க எல்லாரும் விடற கதைதான் இது. இன்னொருத்தராவது, மண்ணாவது!” என்று கணவர் சிரித்தார்.

அதனால்தான் இன்று ஓர் ‘இன்ஜினியரை’க் கூடவே அழைத்து வந்திருந்தார். இன்ஜினியர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. டைல்ஸ் கடை விற்பனையாளன். பிறந்தது முதல் ஒரு செங்கல்லை எடுத்து நிமிர்த்தி வைத்ததில்லை.

தையற்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

“வாங்க, நல்லாப் பார்த்துக்குங்க. பின்னாடி குழாய் கொஞ்சம் சொட்டும். அந்த ஜன்னல் மழைக்காலத்துல இறுகிக்கும். எனக்குத் தெரிஞ்சு வேற குறை இல்லே.”

“மா...” என்று தொடங்கிய தம்பி, மாமாவின் முறைப்பைக் கண்டதும் சுதாரித்துக்கொண்டான். “மாடியை முதல்ல பார்த்துடலாமா, சார்?”

மொட்டை மாடியைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். பிறகு நாற்காலி மேல் ஏறி, கூரையைச் சுத்தியலால் மூன்று இடத்தில் தட்டினான். காதை வைத்துக் கேட்காத குறை.

“உள்ளே கம்பி பூரா துரு ஏறிப்போச்சும்மா. இன்னும் ரெண்டு மழை தாங்கினா அதிசயம்.”

தையற்காரம்மாவின் முகம் வெளுத்தது. “கட்டி முப்பது வருஷந்தானே ஆகுது? நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டே தரேன்.”

அவளால் தம்பியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கணவர் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “பாருங்கம்மா, வீடு எங்களுக்கு வேணும்தான். ஆனா கூரையைப் பிரிச்சு மறுபடி போடற செலவு இருக்கே! விலையில கால் பங்கைக் குறைச்சுக்குங்க. இன்னிக்கே பேசி முடிச்சுடலாம்.”

தையற்காரம்மா போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

“அந்த இன்னொருத்தருக்குப் போடறாங்களாம்! எல்லாம் பாவ்லா” என்று கணவர் அவள் காதோரம் முணுமுணுத்தார்.

“சார், நான்தான், வீட்டு விஷயமாப் பேசறேன். நடக்க முடியாத குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு குடும்பம் கேக்கறாங்க, அவங்களுக்கு முடியலேன்னா உங்களுக்குத் தரேன், ஒரு வாரம் பொறுங்கன்னு சொல்லியிருந்தேனே... ஆமா சார், நீங்க முழு விலைக்கு ஒத்துக்கிட்டீங்க, இல்லேங்கலை. ஆனா வேண்டாம், விட்டுடுங்க. கூரை சரியில்லையாம். இன்ஜினியரே பார்த்துச் சொல்லிட்டார். தெரிஞ்சுக்கிட்டே உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரலை.”

அந்தப் பக்கத்தில் ஓர் ஆண்குரல் மீண்டும் மீண்டும் ஏதோ கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. தையற்காரம்மா, “வேண்டாம் சார்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

கணவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “அப்ப... எங்களுக்கு அந்தக் கால் பங்கு...”

“உங்களுக்கு எந்த விலைக்கும் இல்லே” என்றார் தையற்காரம்மா. “கூரை சரிஞ்சா நீங்களும் நானும் வெளியே ஓடிடுவோம். உங்க பொண்ணு எப்படி ஓடும்?”

கணவர் தம்பியைப் பார்த்தார். தம்பி சுத்தியலைப் பார்த்தான்.

“நீங்க கிளம்புங்க. நானும் துணிமணியை எடுத்துக்கிட்டு இன்னிக்கே தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். இனிமே இதுக்குக் கீழே உக்காந்து தைக்கக் கை வருமா?” தையற்காரம்மா பாதி தைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

“அம்மா, எதையும் எடுத்து வைக்காதீங்க. இவன் இன்ஜினியர் இல்லே. என் கூடப் பிறந்த தம்பி, டைல்ஸ் விக்கிறான். கூரையைப் பத்தி அவன் சொன்னது அத்தனையும் பொய். விலையைக் குறைக்க நாங்க சேர்ந்து போட்ட நாடகம் இது. அந்த சாரைத் திரும்பக் கூப்பிட்டு அவருக்கே வீட்டைக் கொடுத்துடுங்க.”

கணவர் தரையைப் பார்த்தபடி நின்றார். நாலு வார்த்தை நறுக்கென்று விழும், பிறகு வாசலைக் காட்டிக் கை நீளும் என்று அவள் காத்திருந்தாள்.

தையற்காரம்மா கையிலிருந்த சட்டையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்பாடா! அப்போ குழந்தை மேல எதுவும் விழாது, இல்லே?”