கடல் கடக்க வேண்டிய கைகள்

ரெஜினா பியானோவில் கை வைத்த நிமிடத்திலிருந்து விமர்சகர் சௌரிராஜன் மேடையைப் பார்க்கவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கடைசி வரிசையையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

ஓரத்து நாற்காலியிலிருந்து விக்டர் அதைக் கவனித்தார். மேடையில் இருந்தது அவர் மகள். ஜெர்மன் சொனாட்டா முடிந்து, கன்டோன்மென்ட் கிளப் ஹாலே எழுந்து நின்று கை தட்டியபோதுதான் சௌரிராஜன் திடுக்கிட்டு முன்னால் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சென்னை இங்கிலீஷ் பேப்பரில் அவருடைய விமர்சனம் வந்தது. இடது கை காவிரி வெள்ளமாம், வலது கை அதன்மேல் விழுந்த நிலா வெளிச்சமாம். வழக்கமான கடைசி வரியும் இருந்தது: 'இவை திருச்சியில் முடங்கக் கூடாத கைகள், கடல் கடக்க வேண்டிய கைகள்.'

விக்டர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். ஓடாத எஞ்சினை ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு வருஷமாக இதே கதைதான். ஆர்மோனியத்தையே 'கமகம் பேசாத பெட்டி' என்று எழுதி, பெரிய வித்வான்களையெல்லாம் அழவிட்ட மனுஷர், பியானோவைக் கண்டதும் உருகுகிறார். அந்த உருகலைப் படித்துத்தான் லண்டன் சங்கீதக் கல்லூரி ரெஜினாவுக்கு இடம் கொடுத்திருந்தது. அடுத்த வாரம் பம்பாயில் கப்பல்.

பொய்ப் புகழ்ச்சியை நம்பிப் போய், வெள்ளைக்காரன் ஊரில் அவள் தலைகுனிந்து நிற்க வேண்டுமா? கிழவருக்கு இதில் என்ன லாபம்? விக்டர் ரெஜினாவிடமே கேட்டுப் பார்த்தார். அவள் முகம் சிவந்து, "அவரு நல்லவருதாம்ப்பா, விட்டுடுங்க" என்றாள். விக்டருக்குச் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

மறுநாள் மலைக்கோட்டை அடிவாரத்துத் தையற்கடையில் ரெஜினாவின் கோட்டு தயாராக இருந்தது. பச்சைக் கட்டம் போட்ட கனத்த கம்பளி. "சித்திரை வெயில்ல கம்பளி கேட்டு வர்ற ரெண்டாவது ஆளு நீங்க. ஊருக்கு என்னமோ ஆயிடுச்சு சார்," என்று சிரித்தபடி குத்புதீன் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். விக்டர் சிரிக்கவில்லை. பொட்டலத்தோடு நேரே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்.

உத்தர வீதி வீட்டில் சௌரிராஜன் அவரை ரேழியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நீர்மோர் கொடுக்கச் சொன்னார். உள்ளே முற்றத்துக் கொடியில் ஈரத்துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

விக்டர் சுற்றி வளைக்கவில்லை. "லண்டன் போயிட்டு வந்தது தீட்டுன்னு உங்க தம்பி வீட்டுல நீங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களாமே சார். எம்பொண்ணு மட்டும் கடல் தாண்டணுமா?"

சௌரிராஜன் விசிறியை வேகமாக வீசிக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க மேடையையே பார்க்கல. சரி, அவ எப்படி வாசிச்சா? அதையாவது சொல்லுங்க."

"நான் எங்கே ஸ்வாமி கேட்டேன்?"

விசிறி நின்றது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். ஒரே பிள்ளை முகுந்தன். ரெஜினாவின் கச்சேரி எங்கே நடந்தாலும் கடைசி வரிசையில் அவன். ஆசாரமான குடும்பம், நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? அதட்டினால் கோபித்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவான்.

"தாலி கட்டினா அவளுக்குத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறான். அதான் பேனாவை எடுத்தேன். உங்க பொண்ணு ஆறாயிரம் மைல் தள்ளிப் போயிட்டா, மறந்துடுவானோல்லியோ?"

விக்டருக்குக் கோபத்தைவிட அவமானம்தான் முந்திக்கொண்டு வந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மனசிலிருந்ததைச் சொல்லிவிட்ட சௌரிராஜனுக்கோ முகம் தெளிந்துவிட்டது. பிள்ளையும் இப்போது தெளிந்துவிட்டானாம். பியானோ என்ற பேச்சையே எடுப்பதில்லையாம். நாளைக்கே ஆபீஸ் ட்ரெயினிங்குக்கு டில்லி கிளம்புகிறானாம்.

"அங்கே கோட்டு போட்டுக்கணும்னு புதுசா தைச்சுண்டு வந்திருக்கான். கடையிலேர்ந்து வந்ததை நனைக்காம எங்காத்துல உள்ளே விடமாட்டா. பாருங்கோ, எப்படிச் சொட்டறது."

விக்டர் பார்த்தார். இரண்டு வேட்டிகளுக்கு நடுவே, கொடியே இறங்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது, பச்சைக் கட்டம் போட்ட கனத்த கம்பளி.

அவர் பொட்டலத்தின் சணலை அவிழ்த்து, ரெஜினாவின் கோட்டை எடுத்துச் சௌரிராஜனின் மடியில் விரித்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக விக்டருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"டில்லியில இப்ப நம்மூரைவிட வெயில் ஜாஸ்தி சார்."