கடன் போக மிச்சம்

"பிசிக்ஸ் டிகிரி முடிச்சவருக்கு மாசம் எவ்வளவு கையில வரும், தம்பி?"

கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாள் கேட்டாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நிறம் மங்கிய நூல் சேலை, ரப்பர் செருப்பு, மடியில் ஈரக்குடை. மடுல்கெல்ல பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்க வேண்டும் என்று தனபாலன் முடிவு செய்தான்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்த தனியார் பட்டப்படிப்பு நிலையம் அது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாத பிள்ளைகளுக்குப் பட்டத்தையும் அதற்கான வங்கிக் கடனையும் சேர்த்தே ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். தனபாலன் அங்கே ஆலோசகர். ஆலோசனை என்றால், ஏறி வந்தவர்களைச் சேராமல் இறங்க விடக் கூடாது. அன்று மாதக் கடைசி. இன்னும் ஒரே ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பதினையாயிரம் ரூபாய் கொமிஷன்.

வாசலில் இருந்த பெண்ணிடம் இந்த அம்மாள், "தனபாலன்கிறவர்கிட்டதான் பேசணும்" என்று கேட்டு வந்ததில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. தன் பெயர் தோட்டம்வரை போயிருக்கிறது!

"கையில வர்றதாம்மா? ஆரம்பமே ரெண்டரை லட்சம்!" வழவழப்பான கையேட்டை விரித்தான். அட்டையில் பட்டத் தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ரொக்கெட் கிளம்பிக்கொண்டிருந்தது. "பேங்க், கம்ப்யூட்டர் கம்பனி, சாட்டிலைட்... பிசிக்ஸ் படிச்சவங்களத் தேடிக்கிட்டே இருக்காங்க."

"கண்டியிலயா தேடுறாங்க?"

"உலகம் முழுக்க!"

"கண்டியில?"

தனபாலன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

"செலவு மொத்தம் பதினெட்டு லட்சம். நீங்க இப்ப ஒரு சதமும் கட்டத் தேவையில்ல. லோன் நாங்களே எடுத்துத் தருவோம். படிச்சு முடிச்சதும் மாசம் முப்பத்தி நாலாயிரம். ஏழே வருஷம்!"

அம்மாள் விரல்களை மடக்கினாள். "இருபத்தெட்டரை லட்சத்துக்கு மேல வருதே?"

தனபாலன் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

"அறிவுக்கு வட்டி பாக்கலாமாம்மா? பிள்ளை வரல்லையா? ரிசல்ட்டக் கொண்டாந்திருந்தா இன்னைக்கே பதிஞ்சிரலாம்."

"வரல்ல. மொதல்ல நானே ஒருக்கா நேர்ல பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்." சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பியும் இதத்தான் படிச்சீங்களா?"

"ஆமாம்மா. இங்கேயேதான். முதல் பெட்ச்!"

"அப்ப உங்களுக்கும் ரெண்டரை லட்சமா?"

இப்படி யாராவது கேட்டால் பதிலுக்கு மனேஜர் ஒரு சிரிப்பைப் பழக்கியிருந்தார். தனபாலன் அதைச் சிரித்தான். அம்மாள் சிரிக்கவில்லை.

"என்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, தம்பி. தெரியாத எடத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டு அப்புறம் அழுது என்ன பிரயோசனம்? அதான் கேக்குறேன்."

அவள் கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியைத் தனபாலன் பார்த்தான். அதைத்தான் சொல்கிறாள். அவனுடைய அம்மாவும் ஆறு வருடங்களுக்கு முன்னால் இப்படித்தான் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி அறையில் மனேஜர் போனில் மும்முரமாக இருந்தார். தனபாலன் கையேட்டை மூடினான்.

"மெதுவாச் சொல்றேன், கேட்டுக்கங்கம்மா. இதுல சேத்துடாதீங்க."

"ஏன் தம்பி?"

"எனக்குச் சம்பளம் அறுபத்தஞ்சாயிரம். அதுல முப்பத்தி நாலு லோனுக்குப் போயிரும். மிச்சத்துல கட்டுகஸ்தோட்டையில வீட்டு வாடகை, பஸ், சாப்பாடு. இருபதாம் தேதிக்கு மேல அம்மாகிட்ட கைநீட்டுறேன். இன்னும் அஞ்சு வருஷம் கட்டணும்."

"ரொக்கெட் எல்லாம் போட்டிருக்கே?"

"எங்க பெட்ச்ல ஒருத்தன் ரொக்கெட் வேலைதான் பாக்குறான். தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடுவான்." தனபாலன் தலையைக் குனிந்துகொண்டான். "படிப்பு நல்ல படிப்பும்மா. வானவில் ஏன் வளைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கு யாரும் சம்பளம் குடுக்கிறதில்ல."

அம்மாள் மடியிலிருந்த குடையை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள். அவள் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு. இந்தக் காலத்துல யாரு இப்படி உள்ளதைச் சொல்றா?"

பதினையாயிரம் போனதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது. அப்படியே மிதப்பதுபோல் இருந்தது. குடையை வாங்கி விரித்துப் பிடித்தபடி, அம்மாளைத் தெருவரை கொண்டுபோய்விட்டான்.

'பரிமளம் ஹார்ட்வெயார், கடுகண்ணாவை' என்று எழுதிய புத்தம் புது வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஓடிவந்து அம்மாளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

"நான்தான் தம்பி பரிமளம்," என்றாள் அவள், ஏறி உட்கார்ந்துகொண்டு. "கல்யாணத் தரகர் ராஜலிங்கம், மாப்பிள்ளைக்கு ரெண்டரை லட்சம் சம்பளம், கடன் கிடன் ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்ணினாரு. ஞாயித்துக்கிழமை என் ஒரே மகளைப் பொண்ணு பாக்க வரவேணாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லிருங்க."