அரை டம்ளர்

குடிநோய்க்குச் சிகிச்சை முடிந்து மாரப்பன் லேத் பட்டறைக்குத் திரும்பிய அன்று, கை வெடவெடவென்று நடுங்கி டீ முழுக்கச் சட்டையில் கொட்டியது. மறுநாள் முதல் எல்லோருக்கும் அரை டம்ளர்தான்.

"ஏனுங்கக்கா, பால் பத்தலைங்களா?" என்று கேட்டான் மாரப்பன்.

"ஆறிப்போயிருதுன்னு எல்லாருஞ் சொன்னாங்க. மறுக்கா ஊத்தறேன்," என்றாள் டீ ஊற்றும் ருக்குமணி.

முதலாளியும் அரை டம்ளரோடுதான் நின்றார். அதைப் பார்த்த பிறகு மாரப்பன் தன் டம்ளரை வாங்கிக்கொண்டான்.

மழைக்காலம் போனது. ஒரு காலை அவன் டம்ளரை நீட்டி, "நெறைய ஊத்துங்கக்கா," என்றான். ஓடிக்கொண்டிருந்த லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. ருக்குமணி விளிம்புவரை ஊற்றினாள். தூக்குவாளி அவள் கையில் நடுங்கியது.

"பாத்துங்கக்கா," என்றான் மாரப்பன், "சிந்தீரும்."