நாலரை மாச வருஷம்

"வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம் சார். அதுல எந்த ஏழரை மாசத்தை நீங்க கழிச்சீங்க?"

மனைவி மேஜையைத் தட்டிக் கேட்டாள். பக்கத்து நாற்காலியில் கணவர், ஈரம் சொட்டும் பச்சைக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எந்தப் புற்றுநோய் மாத்திரையை இலவசமாகத் தரலாம் என்று முடிவு செய்யும் அலுவலகம் அது. அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தர இயலாது என்று கடிதம் வந்திருந்தது. டப்பாவில் பாக்கி இருந்தது ஒன்பதே ஒன்பது.

மதிப்பீட்டு அதிகாரி கோபப்படவில்லை. அடுத்தவர் ஆயுளைப் பற்றிப் பேசும்போது அவருக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

"மாத்திரை போட்டா ஐயா ஒரு வருஷம் கூடுதலா இருப்பாரும்மா. நாங்க இல்லைன்னு சொல்லலை. ஆனா நோயோட இருக்கற வருஷத்தை முழு வருஷமா எடுத்துக்க முடியாதில்லையா? ஆரோக்கியமான நாலரை மாசத்துக்குத்தான் அது சமம். அஞ்சு வந்தாத்தான் மருந்து தேறும்."

"நோயோடதான் சார் தினம் கடைக்குப் போய்க் கடிகாரம் ரிப்பேர் பண்றார். நோயோடதான் என்கிட்ட சண்டை போடறார். ஒரு சண்டையாவது பாதியில நின்னிருக்கா, கேளுங்க!"

அதிகாரி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சண்டைக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

"நாங்களா சொல்லலைம்மா. இந்த நோயோட ஒரு வருஷம் வாழறது, ஆரோக்கியமான எத்தனை மாசத்துக்குச் சமம்னு பத்து பேர்கிட்ட கேட்டோம்."

"பத்து பேரும் நோயாளிங்களா?"

"சேச்சே! அவங்க தங்களுக்குச் சாதகமா சொல்லிடுவாங்களே. எல்லாரும் ஒரு தலைவலிகூட இல்லாதவங்க. மூணு வருஷம் முன்னாடி, ஒரு பஸ் ஸ்டாப்புல. நல்ல மழை. ஒதுங்கி நின்னவங்ககிட்ட பத்தே நிமிஷத்துல வேலை முடிஞ்சுது."

கணவர் சட்டென்று எழுந்தார்; குடை மடியிலிருந்து கீழே விழுந்தது. "போலாம் வா."

"நீங்க சும்மா உக்காருங்க. பத்து பேருமா சார் நாலரைன்னாங்க?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "ஒன்பது பேர் சராசரியா அஞ்சு மாசம்னாங்க. பத்தாவது ஆள்தான் பூஜ்யம் போட்டு இழுத்துட்டார். 'அப்படி ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்'னு கீழ எழுதியே கொடுத்திருக்கார்."

"அடப்பாவி!" மனைவிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அவன் நல்லா இருப்பானா? கட்டினவ ஒருத்தி வீட்டுல இருக்காளேன்னு நினைச்சானா? நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா, அந்தக் கையைப் பிடிச்சு ஒடிச்சிருப்பேன். யார் சார் அந்த மகராசன்?"

"பேர் கேக்க மாட்டோம்மா, அதுதான் முறை. தொழில் மட்டும் இருக்கு." அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கடிகார ரிப்பேர். எழுதிக் கொடுத்ததுக்கு இலவசமா ஒரு பச்சைக் குடையும் வாங்கிட்டுப் போயிருக்கார்."

மனைவி மெதுவாகத் திரும்பினாள். கணவர் குடையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உடம்பு நல்லா இருந்துச்சுடி," என்றார். "மழையும் பெஞ்சுது."