சிவப்புக் கடதாசிப் பூ

பேங்கில் வேலை பார்க்கும் மகனுக்குப் பெண் கேட்டு வந்த ஸுலைஹா, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடுங்க ராத்தா. இந்தத் தொதல், தொதல் பெட்டியில இருக்கிற சிவப்புக் கடதாசிப் பூ, ரிப்பன் எல்லாமே எங்க மகள்ட கைவேலைதான்" என்றாள் பெண்ணின் தாய்.

பெண் தலை நிமிரவே இல்லை.

"நல்லா இருக்கு மாமி! எங்க வீட்டுல யாருக்கும் இதெல்லாம் தெரியாது" என்று பக்கத்தில் இருந்த ஸுலைஹாவின் மகன் அவசரமாகச் சொன்னான்.

"அப்பிடியா ராத்தா?"

ஸுலைஹா மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு இதெல்லாம் எங்க வரும்!" என்று சிரித்துவைத்தாள்.

பிலிமத்தலாவை இனிப்புக் கடைக்குக் கொடுக்க நேற்று இதே பூவைச் சுற்றியபோது ஒட்டிய சிவப்புச் சாயம், எவ்வளவு தேய்த்தும் அவள் விரல்களை விட்டுப் போயிருக்கவில்லை.