விஷுவுக்குள் வந்துவிடுவார்

அது மார்ச் கடைசியா, ஏப்ரல் முதல் வாரமா என்பது மாயம்மாளுக்குச் சரியாக நினைவில்லை. ஊரே அடைத்துக் கிடந்த அந்த நாட்களில் கிழமையும் தேதியும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. ஹம்ஸா இக்கா வாசலில் நின்று சொன்ன வார்த்தைகள் மட்டும் பிசகாமல் மனசில் இருந்தன.

அவள் கணவன் அழகர் மூட்டை சுமக்கும் அரிசிக் கிடங்குக்கு இக்காதான் மேற்பார்வை. பள்ளுருத்தியிலிருந்து மட்டாஞ்சேரி வரை, வழியெல்லாம் போலீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டு சைக்கிளில் வந்திருந்தார். ஆறடி தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து மெல்ல மலையாளத்தில் பேசினார். கொச்சிக்கு வந்து ஐந்து மாதமே ஆன மாயம்மாளுக்கு அதில் பாதிதான் பிடிபட்டது.

"குமுளியில் வச்சு மறிச்சு, மோளே. சேட்டன் வந்நு கொண்டுபோயி."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அண்ணன் மகளின் காதுகுத்துக்கென்று கம்பத்துக்குப் போன மனுஷன், பஸ் எல்லாம் நின்ற பிறகு நடந்தே மலையேறி எல்லைக்கு வந்திருக்கிறார். அங்கே வைத்து மறித்திருக்கிறார்கள். அண்ணன் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். எங்கே கிடக்கிறாரோ, என்ன தின்றாரோ என்று தூங்காமல் கிடந்தவளுக்கு இது போதும்.

"எப்ப விடுவாங்க இக்கா?"

"இப்போள் ஆரெயும் விடில்ல, மோளே. லாக்டவுண் அல்லே."

சரி என்று தலையாட்டினாள்.  இக்கா கொண்டுவந்த அரிசிப் பையைப் படியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மிணியக்காவை வெளியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அழகரோடு பேச அவளுக்கு வழியில்லை. இருந்த ஒரே போன் அவர் சட்டைப்பையில் போயிருந்தது. அவளைக் கட்டியதற்காக அந்த அண்ணன் வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதுமில்லை. வயிற்றில் ஏழு மாதம். பிரசவத்துக்குள் அவர் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

தெரு செத்துக் கிடந்தது. மிளகு, சுக்கு மூட்டைகளோடு லாரிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் நாய்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன. இரண்டு முறை ஆம்புலன்ஸ் வந்தது. குழாயடிக்கு அவள் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, குடத்தை நகர்த்தி அவளுக்கு முதலில் இடம் விட்டார்கள். வெளியூர்க்காரி என்று நோய்க்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மிணியக்காகூட மாறிப்போயிருந்தாள். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று முன்பெல்லாம் ஒரு சாயா ஆறும்வரை கேள்விமேல் கேள்வி கேட்பவள், இப்போது சோற்றுப் பாத்திரத்தை ஜன்னலில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் திரும்பிவிடுகிறாள்.

பேச்சுத்துணைக்கு மிஞ்சியது கிடங்குச் சுவருக்கு மேலே தெரிந்த கொன்றை மரம்தான். மலையாள வருஷப் பிறப்பான விஷுவுக்கு அது இலை தெரியாமல் பூத்துவிடும் என்று அம்மிணியக்கா எப்போதோ சொல்லியிருந்தாள். ஊரடங்கு முடிவதும் அதே ஏப்ரல் பதினாலு என்று சொன்னார்கள். மாயம்மாளுக்குக் காலண்டர் தேவைப்படவில்லை. முதலில் ஒரு கிளையில் மஞ்சள் கண்டது. பிறகு சுவர்ப்பக்கம் முழுக்கச் சரம் சரமாக இறங்கியது. ஒவ்வொரு நாளும் காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்து, வயிற்றைத் தடவி, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

விஷு அன்று மரத்தில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. குளித்து, பொட்டு வைத்து, சுவரோரம் தொங்கிய ஒரு கொத்தை ஒடித்துத் தலையில் செருகிக்கொண்டு அம்மிணியக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அம்மிணியக்கா அவள் தலையைப் பார்த்தபடியே நின்றாள்.

"எதுக்கு மாயா இது, இப்ப போய்?"

"மல்லிப்பூவுக்கு எங்கக்கா போறது? கெடச்சத வச்சுக்கிட்டேன். டிவியில என்ன சொன்னாங்க?"

"நீட்டியாச்சு. மே மூணு வரைக்கும்."

மாயம்மாளின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு விரல்விட்டு எண்ணினாள்.

"பத்தொம்பது நாளு. போகட்டும். புள்ள பொறக்குறதுக்கு முன்னால வந்துருவாரு. அதுவரைக்கும் அவுக அண்ணி வைக்கிற புளிக்கொழம்பத் தின்னு நாக்கு செத்துக் கெடக்கட்டும். அப்பத்தான் என் அருமை தெரியும்."

"யாரு வருவா?"

"என்னக்கா கேள்வி? எங்க வீட்டுக்காரருதான். இக்காதான் அன்னைக்கே சொன்னாருல்ல, குமுளியில வச்சு மறிச்சுன்னு."

அம்மிணியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.   பிறகு ஆறடியை மறந்து படியிறங்கி வந்து, மாயம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் ஒரு மனுஷக் கை தன்மேல் படுவது அதுதான் முதல் தடவை.

"மாயா, மலையாளத்துல மரிச்சுன்னா செத்துப்போறது."